கறுப்புப் பட்டைக்குள் மரம் இருக்கிறதா?

கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தில் ஒரு பக்கம் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். எதிர்ப்பக்கம் அரச சிலாங்கூர் கிளப். வெள்ளைச் சுவரில் நெட்டாகவும் குறுக்காகவும் கறுப்புப் பட்டைகள். இங்கிலாந்துக் கிராமத்துச் சத்திரம் ஒன்றைத் தூக்கிவந்து திடலோரம் இறக்கி வைத்தது போன்ற தோற்றம். அதைப் பார்க்காத தலைநகர்த் தமிழர் இருக்க மாட்டார். அந்தப் பட்டைகள் அங்கே என்ன செய்கின்றன என்று கேட்டவர் எத்தனை பேர்?

முதலில் அசலைப் பார்த்துவிடுவோம். பழைய ஆங்கிலேயச் சத்திரங்களில் சுவர் எதையும் தாங்காது. ஓக் மரத்தூண், உத்திரம், இரண்டையும் பிடித்துக்கொள்ளும் சாய்கட்டை, இவைதாம் கட்டடம். ஒரு மரத்தில் துளையிட்டு, மற்றொன்றின் நுனியை நாக்குப்போலச் செதுக்கி உள்ளே செலுத்தி, மரஆணி அடித்து இறுக்குவார்கள். இடைவெளிகளில் மிலாறு பின்னி மண் பூசி அடைப்பார்கள். நம் ஊர்த் தட்டிச்சுவரேதான்! வெளியே தெரியும் மரம் அலங்காரம் அன்று. அந்த வீட்டின் எலும்பு. அதற்குக் கறுப்புச் சாயம் பூசுவதுகூடப் பெரும்பாலும் விக்டோரியா காலத்தவர் பரப்பிய பழக்கம்.

லண்டன் சதர்க் பகுதியில் 'ஜார்ஜ்' என்றொரு சத்திரம். 1676ஆம் ஆண்டுத் தீவிபத்தில் எரிந்து, மறு ஆண்டே எழுந்தது. பத்தாண்டுகளுக்கு முன்பு, 1666இல், லண்டன் மாநகரமே வெந்து சாம்பலாகி, அங்கே இனி செங்கல் அல்லது கல் மட்டுமே என்று சட்டம் வந்திருந்தது. ஆற்றுக்கு இப்பால் இருந்த ஜார்ஜ் பழையபடி மரத்தூண்களையும் மாடித் தாழ்வாரங்களையும் வைத்துக்கொண்டது. குதிரை வண்டிகள் முற்றத்தில் வந்து நிற்கும். பயணிகள் தாழ்வாரம் வழியே அறைகளுக்குப் போவார்கள். ரயில் வந்ததும் அந்த வாழ்க்கை முடிந்தது. 1889இல் ரயில் நிறுவனமே அதன் பெரும்பகுதியை இடித்துப்போட்டது. மிஞ்சிய ஒரு பக்கம் 1937இல் தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்தது. இன்று அது மதுக்கடை, தங்குவார் இல்லை.

லண்டன் கதை கோலாலம்பூரிலும் நடந்தது. மரமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த சுரங்க ஊர் 1881 ஜனவரியில் எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்தது. 1882இல் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல்லும் ஓடும்தான் என்றார். செங்கல்லுக்கு எங்கே போவது? யாப் ஆ லோய் சூளைகளுக்கென நிலம் வாங்கினார். சூளைகள் நிறைந்த அந்த இடத்துக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்றே பெயர் நிலைத்தது.

இந்தப் பின்னணியில் கிளப்பைப் பாருங்கள். 1884இல் தொடங்கியபோது அதுவும் பலகையும் அத்தாப்புமாக ஒரு சின்னக் கொட்டகைதான். 1890இல் ஏ.சி. நார்மன் வடிவமைப்பில் இரண்டு மாடிக் கட்டடம் வந்தது. ஊரை மரத்திலிருந்து செங்கல்லுக்கு மாற்றிய அதே ஆட்சியாளர்கள், தங்கள் பொழுதுபோக்குக் கூடத்துக்கு மட்டும் மரச்சத்திரத்தின் முகத்தை மாட்டிக்கொண்டார்கள். ஊர் நினைவு படுத்திய பாடு அது. 'புள்ளி நாய்' என்ற அதன் செல்லப்பெயரும் சத்திரத்துப் பெயர்ப்பலகை போலவே ஒலிக்கிறது. வாசலில் கட்டியிருந்த டால்மேஷன் நாய்களால் வந்த பெயர் என்பார் சிலர். வெள்ளையரும் மற்றவரும் கலந்திருந்ததைக் குத்திக்காட்டியது என்பார் சிலர். தொடக்ககால உறுப்பினர்களில் பத்துமலைக் கோயிலுக்கு வித்திட்ட கா. தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர் என்பதால், இரண்டாவது கதையை எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை.

1970இல் கிளப்பிலும் தீப்பிடித்தது. பிறகு பழைய தோற்றத்திலேயே எழுப்பினார்கள். பட்டைகள் திரும்ப வந்தன. தாங்கும் வேலை அவற்றுக்கு இல்லை.

தாங்கும் மரத்தைப் பார்க்க லண்டன்வரை போக வேண்டியதில்லை. ஜாலான் ஸ்தோனோரில், கெடாவிலிருந்து வந்த பெங்ஹூலு அபு செமான் வீட்டைப் பார்த்தாலே போதும். சிதைந்துகொண்டிருந்த அந்த மலாய் மரவீட்டை மலேசிய மரபுடைமை அறவாரியம் 1990களில் துண்டு துண்டாகக் கழற்றி, இங்கே கொண்டுவந்து பூட்டியது. செங்கல் சுவரை இப்படிக் கழற்றி மாட்ட முடியுமா? மூட்டுப் போட்ட மரத்துக்கு மட்டுமே அந்த வித்தை வாய்க்கும்.

செங்கல்லுக்கு வாய்க்கவில்லை என்பதைப் பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் கண்ணால் கண்டார்கள். ரயில்வே ஊழியர்களுக்காக 1905இல் கட்டிய 'நூறு குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகளில் இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை வளர்த்தார்கள். அவை 2010களில் தரைமட்டமாயின. எரிந்துபோன கிளப்புக்குப் பழைய முகத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்த ஊரில், எரியாமல் நின்ற அந்த வீடுகளில் ஒரு வரிசையையாவது விட்டுவைத்திருக்கலாம்.