கிளுவை வேலியும் ஒரு பச்சோந்தியும்

காலாண்டு லீவுல ஒருநாள் சாயங்காலம், பக்கத்துத் தெருப் பசங்க நாலு பேர் தென்னை ஈர்க்குல சுருக்கு மாட்டி ஒரு பச்சோந்தியை இழுத்துக்கிட்டு வந்தானுங்க. சுருக்கு இடுப்புல இறுகிக் கிடந்துச்சு. உடம்பு கரிக்கட்டை மாதிரி கருத்துப் போயி, வாயைப் பிளந்து சீறிக்கிட்டு இருந்துச்சு. "ஏண்டா இப்படி?"ன்னு கேட்டா, "இது ராமருக்கு மூத்திரம் கொடுத்தது தாத்தா"ங்கிறான் ஒருத்தன்.

இந்தக் கதை எனக்குப் புதுசில்லை. தாகம் எடுத்த ராமருக்கு அணில் இளநீர் கொண்டாந்துச்சாம், ஓணான் மூத்திரத்தைக் கொண்டாந்துச்சாம். அந்தக் கோபத்தை இன்னும் பசங்க தீர்த்துக்கிட்டு இருக்கானுங்க. நானும் அந்த வயசுல அதே சுருக்கை வச்சுக்கிட்டு அலைஞ்சவன்தான், மறைக்கலை. கதையில குற்றவாளி ஓணான். ஆனா கல்லடி வாங்குறப்ப ஓணானுக்கும் பச்சோந்திக்கும் யாரும் வித்தியாசம் பார்க்கிறதில்லை.

பச்சை ஓந்திதான் பச்சோந்தி. ஓந்தின்னு நாம சொல்றது நேத்து வந்த வார்த்தை இல்லை. குறுந்தொகையிலேயே பாலை வழியில ரம்பம் மாதிரி முதுகு உள்ள ஓந்தி வருது. வழிப்போக்கர்கள் அதை வச்சுச் சகுனம் பார்த்தாங்கன்னும் வருது. ஆக ரெண்டாயிரம் வருசமா இந்தச் சாதிப் பிராணியைப் பார்த்தா நமக்கு ஏதோ ஒரு பயம், ஏதோ ஒரு கதை.

வெள்ளைக்காரங்க மட்டும் என்ன வாழ்ந்துச்சு? ரோமாபுரியில பிளினின்னு ஒரு பெரிய மனுசர், பச்சோந்தி எதையும் தின்னாது, குடிக்காது, காத்தைக் குடிச்சே உயிர் வாழும்னு எழுதி வச்சிட்டுப் போயிட்டார். அதை நூத்துக்கணக்கான வருசம் நம்பினாங்க. 1669-ல பாரிஸ்ல கிளாட் பெரோங்கிறவர் ஒரு பச்சோந்தியை அறுத்துப் பார்த்து உறுப்பு உறுப்பா எழுதினார். நம்ம ஊர்ப் பச்சோந்திக்கு 1768-ல வியன்னாக்காரர் லாரென்டி அறிவியல் பேரு வச்சார். கெமிலியோ ஜெய்லானிக்கஸ், அதாவது இலங்கைப் பச்சோந்தி. பேருதான் இலங்கை. இந்தியாவுல இருக்கிற ஒரே பச்சோந்தி இனம் இதுதான். வெளிநாட்டுப் படத்துல வர்ற கலர் கலரான பச்சோந்திகள் எல்லாம் பெரும்பாலும் மடகாஸ்கர், ஆப்பிரிக்காப் பக்கம்.

நிறம் மாறுற ரகசியம் பிடிபட்டது இன்னும் பிந்தித்தான். 2015-ல ஜெனீவா பல்கலைக்கழகத்துக்காரங்க, மடகாஸ்கர் பச்சோந்தி ஒண்ணோட தோலுக்குள்ள ரொம்பச் சின்னப் படிகங்கள் இருக்கு, அதுங்க நெருங்கும்போதும் விலகும்போதும் நிறம் மாறுதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஒளியிறதுக்காக மட்டும் மாறுறதில்லை. பயம், கோபம், சோடி தேடுறது, வெயில், குளிர் எல்லாம் அந்தத் தோல்ல தெரியும். விடியக்காலைக் குளிர்ல கருத்து இருக்கும், வெயிலை இழுத்துக்கத்தான். சொல்லப்போனா மனசுல இருக்கிறதை மறைக்கவே தெரியாத பிராணி அது. அதோட பேரைப் போயி கட்சி மாறுறவங்களுக்கு வச்சிருக்கோம். அவங்களுக்காக 1985-ல சட்டமே போட்டாச்சு, இன்னும் மாறிக்கிட்டுத்தான் இருக்காங்க.

சரி, நம்ம ஆளுக்கு வர்றேன். கத்தரிக்கோலை விட்டு சுருக்கை வெட்டினேன். தோல்ல கோடு மாதிரி தடம், ரத்தம் இல்லை. வனத்துறைக்குப் போன் போட்டேன். காயம் பெருசா இல்லைன்னா கையில அதிகம் தொடாம, தெம்பு வந்ததும் பிடிச்ச எடத்துலயே விட்டுடுங்கன்னாங்க. சென்னையில இருந்து வந்திருந்த பேத்தி விடலை. "தாத்தா, கண்ணாடிப் பெட்டியில வச்சு ஊருக்குக் கொண்டு போறேன்"னு ஒரே அழுகை.

"இல்ல தாயி, அது ஆகாது"ன்னேன். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வீட்டுல வளர்க்கிறது குற்றம். சட்டத்தை விடுங்க, கண்ணாடியில தன் நிழலைப் பார்த்தாலே வேற பச்சோந்தி வந்திருச்சுன்னு மிரண்டு மிரண்டே ஓஞ்சு போயிரும்.

வாசல் முருங்கையில ஏத்தி விட்டேன். முன்னங்கால்லயும் பின்னங்கால்லயும் விரல் ரெண்டு, மூணுன்னு பிரிஞ்சு இடுக்கி மாதிரி கொம்பைக் கவ்வுது. பேத்தி கிண்ணத்துல தண்ணி வச்சா, ஏறெடுத்தும் பார்க்கலை. தேங்கின தண்ணி அதுக்குத் தண்ணியாவே தெரியாது போல. இலை மேல தெளிச்சு விட்டோம். சொட்டு ஆடவும் ஒரு கண்ணு அந்தப் பக்கம் திரும்புச்சு, இன்னொரு கண்ணு எங்களையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் நக்கிக் குடிச்சுச்சு. நான் வெட்டுக்கிளி பிடிச்சுட்டு வந்தேன், மருந்தடிச்ச தக்காளிக் காட்டுப் பக்கம் போகாம, புல்லுத் தரையில. முதல் நாள் தொடலை. மறுநாள் மதியம் அந்த நாக்கு வெளிய வந்ததைப் பேத்தி பார்த்துட்டா. உடம்பு நீளத்துக்கு ஒரு நாக்கு, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அன்னைக்குத்தான் உடம்பு பச்சைக்குத் திரும்புச்சு.

விடலாம்னு கிளம்புறப்பதான் எனக்கு உறைச்சுது. எங்க விடுறது?

பசங்க அதைப் பிடிச்சது என் கிழக்குக் காட்டுக் கிளுவை வேலியில. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம்னு எங்க பக்கத்துல கிளுவை வேலி இல்லாத காடே கிடையாது ஒரு காலத்துல. மழைக்கு முன்னால போத்து வெட்டி நட்டா ரெண்டு மூணு வருசத்துல ஆடு புகாத அடைப்பாயிரும். தழை ஆட்டுக்குத் தீனி. உள்ளுக்குள்ள கோவைக் கொடி, பிரண்டை, கீரிப்பிள்ளை, சில்லான். மரத்துலயே கிடக்கிற பச்சோந்திக்கு வேலிதான் தெரு. தரையில இறங்கி நடந்தா ஆடி ஆடித்தான் நடக்கும், வண்டிச் சக்கரத்துக்குத் தப்பாது. முட்டை வைக்க மட்டும் பொட்டை கீழ இறங்கி மண்ணைத் தோண்டிப் புதைக்கும், பொரிக்க மாசக்கணக்குல ஆகும். அதுக்குள்ள அந்த எடத்துல ஜேசிபி இறங்கினா கதை முடிஞ்சுது.

இப்ப வேலின்னா கல்லுக்காலும் முள்ளுக்கம்பியும்தான். கிளுவை நாலடி எடத்தை அடைக்குது, அளவைக்காரர் வந்தா கல்லு தெரியமாட்டேங்குது, அண்ணன் தம்பி பாகத்துல தகராறு. எல்லாம் உண்மைதான். நானும் ரெண்டு பக்கத்து வேலியையும் எடுக்க அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். அடுத்த வாரம் வண்டி வர்றதா இருந்துச்சு.

அய்யலூர்ப் பக்கம் தேவாங்கைப் பார்த்தாலே அபசகுனம்னு சொல்லிக்கிட்டு இருந்த ஊருங்க உண்டு. 2022-ல கரூர், திண்டுக்கல் மாவட்டங்கள்ல 11,806 ஹெக்டேரை கடவூர் தேவாங்கு சரணாலயம்னு அறிவிச்சாங்க, நாட்டுலயே தேவாங்குக்கு முதல் சரணாலயம். சந்தோசம்தான். ஆனா பச்சோந்தி காட்டுக்குள்ள மட்டும் இருக்கிற சீவன் இல்லை. நம்ம வரப்போரத்துல இருக்கிறது. பட்டா நிலத்துல கிடக்கிற வேலிக்கு யாரு சரணாலயம் அறிவிப்பாங்க?

மூணாம் நாள் காலையில வெயில் ஏறினதும் பேத்தியும் நானும் முருங்கைக் கொம்போடயே தூக்கிட்டுப் போனோம். கிளுவையில கொம்பைச் சாய்ச்சு வச்சோம். காத்துல ஆடுற இலை மாதிரி முன்ன பின்ன ஆடி ஆடி, கால் மணி நேரம் எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் மாறுச்சு. பேத்தி போன்ல படம் எடுக்கிறதுக்குள்ள எது இலை, எது அதுன்னு தெரியலை.

அங்க நின்னுக்கிட்டே ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டு, மேற்குப் பக்கம் மட்டும் போதும்னு சொன்னேன். கொடுத்த காசுல பாதியைத் திருப்ப மாட்டேன்னுட்டார். கிழக்குல ரெண்டு எடத்துல வேலி விட்டுப் போயிருக்கு, இந்த மழைக்கு அங்க போத்து நடணும்.