திருச்சியா, நெல்லையா?

சென்னையின் வாடகையும் நெரிசலும் கோடைகாலத் தண்ணீர் லாரியும் அலுத்துப்போனவர்கள், சின்ன ஊராகப் பார்த்துக் குடிபோய்விடலாம் என்று பேசுவது இப்போது சகஜம். எந்தச் சின்ன ஊர் என்பதைத்தான் பலரும் கடைசியில் யோசிக்கிறார்கள். திருச்சியையும் திருநெல்வேலியையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் 1994-இல் மாநகராட்சி ஆனவை. இரண்டும் ஆற்றங்கரை ஊர்கள். பெரிய கோயில், நூற்றாண்டு கண்ட கல்லூரிகள், அரசு மருத்துவக் கல்லூரி இரண்டிலும் உண்டு. பட்டியல் போட்டால் ஒன்றுபோலத் தெரியும் இவ்விரண்டில் குடியேறினால் அமையும் வாழ்க்கை ஒன்றல்ல.

தொலைவு

2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய சென்னை எழும்பூர் – திருநெல்வேலி வந்தே பாரத் ரயில் திருச்சியை அடைய ஏறத்தாழ 4 மணி நேரமாகிறது. நெல்லையை அடைய ஏறத்தாழ 8 மணி நேரம். திருச்சிக்காரர் விடிகாலையில் கிளம்பி, சென்னையில் வேலையை முடித்துக்கொண்டு அன்றிரவே திரும்பிவிட முடியும். நெல்லைக்காரருக்கு ஒரு நாள் வேலை என்றாலும் இரண்டு இரவுகள் ரயிலில் போகும். தீபாவளி, பொங்கல் சமயத்தில் தென்மாவட்ட ரயில்களில் முன்பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே இடம் தீர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

திருச்சிக்கு ஊரை ஒட்டியே பன்னாட்டு விமான நிலையம் இருக்கிறது. 2024 ஜனவரியில் புதிய முனையமும் திறக்கப்பட்டது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய்க்கு நேரே பறக்கலாம். நெல்லைக்கெனத் தனி விமான நிலையம் இல்லை. உள்நாட்டுப் பயணத்துக்குத் தூத்துக்குடி வாகைகுளம். வெளிநாடு என்றால் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும். பிள்ளைகள் கடல் கடந்து இருக்கும் பெற்றோருக்கு இது சிறிய வேறுபாடு அல்ல.

தண்ணீரும் வெள்ளமும்

காவிரியில் நீரோட்டம் மேட்டூர் அணையையும் கர்நாடகத்தையும் பொறுத்தது. ஆனாலும் ஆற்றில் நீர் வறண்ட மாதங்களிலும் மணலுக்கடியில் ஊறும் நீரைச் சேகரிப்புக் கிணறுகள் வழியே எடுத்துத் திருச்சி குடிக்கிறது. ராமநாதபுரம் வரை குழாயில் அனுப்பவும் செய்கிறது. நெல்லையின் தாமிரபரணி பொதிகையில் பிறந்து, இரண்டு பருவமழையும் பெற்று, தமிழ்நாட்டுக்குள்ளேயே கடலில் கலக்கிறது. மாநிலங்களுக்கிடையே தகராறு கிடையாது. ஆற்றில் கலக்கும் கழிவுநீர்தான் நெல்லையின் கவலை. நீதிமன்றம் வரை போன வழக்கு அது.

வெயிலுக்கு இரண்டு ஊரும் குறைந்தவை அல்ல. ஜூன், ஜூலையில் குற்றாலத்துச் சாரலின் குளிர்காற்று நெல்லையை எட்டிப் பார்ப்பது ஓர் ஆறுதல். வெள்ளத்துக்கும் இரண்டு ஊரும் தப்பவில்லை. 2005-இல் கோரையாறும் குடமுருட்டியும் திருச்சியின் குடியிருப்புகளுக்குள் புகுந்தன. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரைபுரண்டு நெல்லை ஜங்ஷன் பகுதியை மூழ்கடித்தது. வீடு பார்க்கப் போகிறவர் தரகரிடம் கேட்பதை விட்டு, தெருமுனை டீக்கடையில் அன்று தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று கேட்பது நல்லது.

வேலை, படிப்பு, மருத்துவம்

பாரத மிகுமின் நிறுவனம், பொன்மலை ரயில்வே பணிமனை, துப்பாக்கித் தொழிற்சாலை, தேசியத் தொழில்நுட்பக் கழகம், இந்திய மேலாண்மைக் கழகம், நவல்பட்டு தகவல் தொழில்நுட்பப் பூங்கா என்று திருச்சியில் வேலைகள் பலவகை. ஒன்றை விட்டால் இன்னொன்றைத் தேட ஓரளவு இடமிருக்கிறது. நெல்லைப் பக்கம் கங்கைகொண்டான் சிப்காட், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், கூடங்குளம் அணுமின் நிலையம் என்று பெரிய பெயர்கள் உண்டு. ஆனால் அவை நகரத்துக்கு வெளியே, குறிப்பிட்ட துறையினருக்கானவை. கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கும் குடும்பத்தில், ஒருவருக்கு வேலை கிடைத்ததும் மூட்டை கட்டிவிடக் கூடாது. இன்னொருவருக்கும் வாய்ப்பிருக்கிறதா என்று முன்பே பார்க்க வேண்டும்.

படிப்பில் நெல்லை சளைத்ததல்ல. பாளையங்கோட்டையின் பழைய பள்ளிகளும் கல்லூரிகளும் அதைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று அழைக்க வைத்தவை. மருத்துவக் கல்லூரி 1965-லேயே வந்துவிட்டது. ஆனாலும் சிக்கலான சிகிச்சைக்கு மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. தொடர் சிகிச்சையில் இருக்கும் முதியவர்கள் தங்கள் நோய்க்கான மருத்துவர் உள்ளூரில் உண்டா என்று விசாரித்த பிறகே முடிவெடுக்கலாம்.

வீடும் மனையும்

திருச்சியின் ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்க ஆசைப்படுவோர் முதலில் அடிமனைப் பிரச்சினையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பல வீடுகள் நிற்கும் மண் கோயிலுக்குச் சொந்தமா, குடியிருப்போருக்கா என்ற வழக்கு நெடுங்காலமாக இழுபடுகிறது. பத்திரப் பதிவு சிக்கும். பேருந்து நிலையம் 2025-இல் பஞ்சப்பூருக்குப் போன பிறகு, ஸ்ரீரங்கத்திலிருந்து மதுரைப் பக்கம் பேருந்து ஏற ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும் என்பது வேறு. நெல்லையில் விரிவாக்கப் பகுதிகள் பல, வயலும் குளத்துப் பாசனமுமாக இருந்த நிலங்கள். அதனால் மனை மேடா, பள்ளமா என்பதை மழைக்காலத்தில் நேரில் பார்க்க வேண்டும். இரண்டு ஊரிலும் நகர ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அங்கீகாரம், வில்லங்கச் சான்று, பட்டா இம்மூன்றும் இல்லாமல் முன்பணம் தரக் கூடாது.

ஊர்மனம்

ரயில்வேயும் தொழிற்சாலைகளும் வெளியூராரைத் தலைமுறைகளாக அழைத்துவந்ததால் திருச்சி புதியவரைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நெல்லையில் வந்த வாரத்திலேயே "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்ற கேள்வி வரும். அது அக்கறையாகவும் இருக்கும், சில சமயம் சாதியை அறியும் முயற்சியாகவும் இருக்கும். 2023-இல் நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில் பட்டியலின மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு, நீதிபதி கே. சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளக் கயிறு கட்டுவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. பள்ளி தேடும் பெற்றோர் தேர்ச்சி விகிதத்தோடு, அங்கே சாதிப் பூசல் உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும். மறுபக்கம், ஆபத்து என்றால் அண்டை வீட்டார் கேட்காமலே வந்து நிற்பதும் இந்த நெருக்கத்தால்தான்.

தீர்ப்பு

அலுவலகம், மருத்துவமனை, உறவு என்று ஏதோ ஒன்று மாதந்தோறும் சென்னைக்கு இழுக்கும் என்றால் திருச்சியே சரி. சென்னையோடு கணக்கு முடிந்தவருக்கு, உள்ளூரிலேயே வேலையோ ஓய்வூதியமோ உறுதியானவருக்கு, நெல்லை நிறைவான ஊர். எதுவானாலும், ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் வாடகை வீட்டில் கழித்துப் பாருங்கள். அதன் பிறகு பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போகலாம்.