ஒரு செடிக்கு வருசம் முழுக்க ஆள் வேண்டும்

பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த தேயிலை வரலாறு ஒரே வரிதான்: 1867, ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துர, 19 ஏக்கர். பரீட்சைக்கு அது போதும். அந்த 19 ஏக்கரையும் யார் கொத்தினார்கள், யார் நட்டார்கள் என்று கேள்வித்தாளில் வந்ததே இல்லை. அதனால் இந்தக் கட்டுரையில் செடியிலிருந்து தொடங்குகிறோம். ஒரு தேயிலைச் செடிக்கு என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று தெரிந்தால், எங்கள் ஆட்கள் ஏன் இந்த மலையிலேயே தங்கினார்கள் என்பதும் விளங்கும்.

தேயிலைக்கு முன்னால் இங்கே கோப்பி இருந்தது. கோப்பிக்கு ஆள் அதிகமாகத் தேவைப்பட்டது பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான். தென்னிந்தியாவிலிருந்து கங்காணியோடு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பருவம் முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். வழியிலேயே செத்தவர்களும் ஏராளம். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. இருபது வருசத்துக்குள் கோப்பி படுத்துவிட்டது. 1875இல் ஆயிரம் ஏக்கர் அளவில் இருந்த தேயிலை, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மூன்றரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியது.

தேயிலைக்கு அப்படி ஒரு அறுவடைக் காலம் கிடையாது. அஸ்ஸாமில் குளிர்காலம் வந்தால் செடி ஓய்ந்துவிடும், பறிப்பும் நிற்கும். இலங்கையில் பன்னிரண்டு மாதமும் துளிர் விடும். ஏழெட்டு நாளைக்கு ஒரு தடவை அதே நிரைக்குத் திரும்பி வர வேண்டும். விட்டால் ரெண்டு இலையும் மொட்டுமாக இருந்த கொழுந்து முற்றிப்போகும்.

பறிப்பதோடு வேலை முடியாது. சும்மா விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும். அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது கவ்வாத்துக் கத்திதான். உயரமான தோட்டங்களில் நாலைந்து வருசத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து. வெட்டியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: கத்தி கூராக இருக்கணும், வெட்டு சாய்வாக விழணும், வாது பிளக்கக் கூடாது. பிளந்தால் தண்ணி தங்கி அழுகும். கடும் வெயிலில் வெட்டினால் செடியே பட்டுப்போகலாம். இலை இல்லாத அந்த நாட்களில் வேரில் சேர்த்து வைத்த மாச்சத்தைக் கொண்டுதான் செடி பிழைக்கிறது. ஓரிரண்டு வாதை இலையோடு விட்டு வெட்டுவதும் அதற்காகத்தான். புதுத் துளிர் வந்ததும் மட்டக்குச்சி வைத்து ஒரே உயரத்தில் ஒடிக்கணும். இதற்கிடையில் புல்லு வெட்டு, கான் வெட்டு, உரம், தவறணையில் கன்று வளர்ப்பு. 1946இல் கொப்புள நோய் வந்த பிறகு மருந்தடிப்பும் சேர்ந்துகொண்டது.

இந்த வேலைகளுக்கு, வந்து போகிற ஆள் சரிப்படாது. குடும்பத்தோடு, மலைக்குப் பக்கத்திலேயே, வருசம் முழுக்க இருக்கிற ஆள் வேண்டும். அதனால் பெண்களும் பிள்ளைகளும் கூடுதலாகக் கொண்டுவரப்பட்டார்கள். கங்காணியின் கடன் கணக்கும் அவர்களைக் கட்டிப்போட்டது. லயத்துக் காம்பிராவிலேயே அடுத்தடுத்த தலைமுறை பிறந்தது.

இப்போது 1948க்கு வருவோம். அந்த வருசத்துக் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களிடம் அப்பா இங்கே பிறந்தாரா, இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று அத்தாட்சி கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாத லயத்தில் அதற்கு எங்கே போவது? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1888இல் நட்ட ஒரு செடி அப்போது 60 வயதை எட்டியிருக்கும். நாலு வருசத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் பதினைந்து கவ்வாத்து வாங்கியிருக்கும். பதினைந்து தடவையும் அதை வெட்டிப் பிழைக்க வைத்தவர்களைத்தான் சட்டம் வந்து போகிறவர்கள் என்றது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைக்கு வழி பிறந்தது 2003இல்தான்.

குடியுரிமை வந்துவிட்டது. ஆனால் இன்றும் லயத்தில் இருக்கிற பெரும்பாலானோர் கையில் வீட்டுக் காணிக்கு உறுதி இல்லை. காணி கேட்டால், "இது தோட்டத்துக் காணி" என்கிறார்கள். அந்தத் தோட்டத்தைத் தோட்டமாக வைத்திருந்தது யார் என்பதற்கு மலை முழுக்கச் சாட்சி நிற்கிறது.

அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். எங்களில் பலர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டோம். கவ்வாத்துக் கத்தியைப் பிடித்ததே இல்லை. உங்கள் வீட்டில் கவ்வாத்து வெட்டிய தாத்தாவோ, கொழுந்தெடுத்த அம்மாயியோ இருந்தால், அடுத்த லீவுக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த மலை, எந்த வருசம், எத்தனை தடவை வெட்டினார்கள் என்று எழுதி வையுங்கள். காணி உரிமை பேசும்போது அதையும் மேசையில் வைப்போம்.