கணினிப் பலகையைச் சுத்தம் செய்ய எந்தத் திரவம் பாதுகாப்பானது?

பிள்ளைகளின் படிப்புக்காகப் பல வீடுகளில் இன்று கணினி இருக்கிறது. தேநீர் கொட்டியோ, தூசியும் ஈரமும் சேர்ந்தோ அது நின்றுபோனால், பலகையை நாமே துடைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். கையில் கிடைக்கும் பெட்ரோலையோ தின்னரையோ எடுத்துவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வேலைக்கு ஏற்றது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். சுருக்கமாக ஐபிஏ என்பார்கள். பாட்டிலில் 99 சதவீதம் என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும். காயம் துடைக்க விற்கும் 70 சதவீத வகையில் மீதி பெரும்பாலும் தண்ணீர்தான். அது பாகங்களின் அடியில் தங்கி அரிப்பை உண்டாக்கும். கொரோனா காலத்தில் வாங்கி மீதமிருக்கும் சானிடைசரும் வேண்டாம். அதில் கலந்துள்ள கிளிசரின் காயாமல் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும்.

நகப்பூச்சு நீக்கியில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். அது பிளாஸ்டிக் இணைப்பிகளையே உருக்கிவிடும். தின்னரின் ஆவி மூச்சுக்குக் கேடு. ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் சி.எஃப்.சி. 113 என்ற திரவத்தால் பலகைகளைக் கழுவின. அது ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் படிப்படியாகக் கைவிடப்பட்டது.

"ஆல்கஹால் என்கிறீர்களே, நாம் தொடலாமா?" என்று சிலர் தயங்குவதுண்டு. மதுவில் இருப்பது எத்தனால். ஐசோபுரோப்பைல் வேறு பொருள். யாரும் குடிப்பதற்காகத் தயாரிப்பதல்ல, குடித்தால் நஞ்சு. அப்படியும் மனதில் ஐயம் இருந்தால் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். நமக்குப் பெரிய கவலை வேறு: தண்ணீர் போலவே தெளிவாக இருக்கும் இதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்துவிடக் கூடாது. பெயர் எழுதி, குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எளிதில் தீப்பற்றும் பொருள் இது. ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். ஆகவே அடுப்பங்கரையில் வேண்டாம், ஊதுபத்தி எரியும் அறையிலும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மின்கம்பியைக் கழற்றுங்கள். மடிக்கணினியாக இருந்தால் பேட்டரியையும், பலகையில் உள்ள காசு வடிவச் சிறு பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். மென்மையான பிரஷைத் திரவத்தில் தோய்த்து லேசாகத் தேய்த்து, பஞ்சு உதிராத துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் மேலே காய்ந்தாலும் சில்லுகளின் அடியில் இருக்கும். ஒரு நாள் விட்டு மின்சாரம் கொடுப்பதே நல்லது. மின் இணைப்புப் பெட்டியை, அதாவது பவர் சப்ளையை, மட்டும் திறக்காதீர்கள். கம்பியைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.