புழு வளர்த்த பெண்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தது. மழை பிடித்ததும் அதன் இலைகளில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். சில நாட்களில் அந்த எச்சம் பச்சைப் புழுவாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். அம்மா கறிவேப்பிலை பறிக்கப் போகும்போதே கையில் ஒரு குச்சியோடு போவாள். புழுவைத் தட்டிவிட்டுச் செருப்பால் ஒரு தேய். அதில் கோபமோ அருவருப்போ இருந்ததாக எனக்கு நினைவில்லை. பாத்திரம் தேய்ப்பது போல அதுவும் ஒரு வேலை.

அதே அம்மா வாசலில் அரிசி மாவில்தான் கோலம் போடுவாள். கல்மாவு மலிவு, பளிச்சென்று தெரியும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னபோதுகூட, "எறும்பு எதைத் திங்கும்?" என்று கேட்டாள். ஆனால் சமையலறைச் சுவரோரம் எறும்புச் சாக்பீஸால் இன்னொரு வெள்ளைக் கோடு இழுத்திருப்பாள். கடையில் அந்தச் சாக்பீஸுக்கு 'லட்சுமண ரேகை' என்று பெயர். வாசலில் எறும்புக்குச் சோறு, அடுப்படியில் எறும்புக்கு நஞ்சு. இரண்டு கோட்டையும் இழுத்தது ஒரே கை. வாசல் கோலத்துக்கு அவளுக்குப் புண்ணியம் கிடைத்தது. சர்க்கரை டப்பாவில் எறும்பு வந்தால் திட்டு கிடைத்தது. மூலையில் ஒட்டடை தொங்கினால் வருகிறவர்கள் அப்பாவைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள்.

பூச்சிகளோடு ஒத்து வாழ்வதைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். நல்ல பேச்சுதான். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. வீட்டுக்குள் பூச்சியைக் கொல்லும் வேலை பெரும்பாலும் பெண்ணுக்கே தரப்பட்டிருக்கிறது. அதை நின்று பார்ப்பதற்கான நேரம் தரப்படவில்லை. அந்த நேரத்தைத் தானாக எடுத்துக்கொண்ட ஒரு பெண்ணின் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். அவர் பெயர் மரியா சிபில்லா மெரியன்.

*

மெரியன் 1647இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் பிறந்தார். செப்புத்தகட்டில் படம் செதுக்கிப் புத்தகம் பதிப்பித்த அப்பா, மகளுக்கு மூன்று வயதானபோது இறந்துபோனார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தை பூக்களை வரையும் ஓவியர். அவரிடம்தான் சிறுமி தூரிகை பிடிக்கக் கற்றாள்.

1660இல், 13 வயதில், அவர் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். பிறகு தோட்டத்தில் கிடைக்கும் மற்றப் புழுக்களையும் கொண்டுவந்து பெட்டிகளில் வைத்தார். எந்தப் புழு எந்த இலையைத் தின்கிறதோ அந்த இலையையே தேடிக் கொண்டுவந்து போட்டார். தோலுரிப்பதை, கூடு கட்டுவதை, கூட்டிலிருந்து வெளிவருவதை நாள்வாரியாகக் குறித்தார். சில சமயம் கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகச் சின்ன ஈக்களும் குளவிகளும் வெளியே வந்தன. அதையும் எழுதி வைத்தார்.

பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாகவே உண்டாகின்றன என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இறைச்சியில் ஈ முட்டையிடுவதால்தான் புழு வருகிறது என்று இத்தாலியரான பிரான்செஸ்கோ ரேடி சோதனை செய்து எழுதியது 1668இல். ஒரு சிறுமி தன் பெட்டிகளைத் திறந்து பார்க்கத் தொடங்கி அதற்குள் எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருக்கும் கல்யாணம் ஆயிற்று. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். நியூரம்பர்க் நகரில் குடும்பம் நடத்திக்கொண்டே இளம் பெண்களுக்கு ஓவியமும் பூத்தையலும் கற்றுக்கொடுத்தார். அவருடைய முதல் நூலே தையலுக்கு உதவும் பூ மாதிரிகளின் தொகுப்பு. பெண் செய்யலாம் என்று ஊர் ஒப்புக்கொண்ட வேலை அது. அந்தப் பூக்களின் மேல் புழுக்கள் ஏறியது அடுத்த நூலில். 1679இல் வந்த அந்த நூலின் பெயரைத் தமிழில் 'புழுக்களின் வியத்தகு உருமாற்றமும் அவற்றின் விசித்திரமான மலருணவும்' என்று சொல்லலாம். 50 படங்கள். 1683இல் இரண்டாம் பாகம் வந்தது, மேலும் 50 படங்கள்.

அந்தப் படங்கள் அமைந்த விதத்தில்தான் அவருடைய சாதனை இருக்கிறது. அன்றைய பூச்சிச் சேகரிப்பாளர்கள் பட்டாம்பூச்சியை ஊசியில் குத்தி, சிறகை விரித்து, பெட்டியில் வரிசையாக அடுக்கினார்கள். மெரியனின் பக்கத்தில் நடுவே ஒரு செடி நிற்கும். அதன் இலையில் முட்டை, பக்கத்தில் இலையைக் கடிக்கும் புழு, தண்டில் கூடு, மேலே பறக்கும் பூச்சி. கடிபட்ட இலையின் ஓட்டைகூட அப்படியே இருக்கும். எதை உண்கிறது, எங்கே முட்டையிடுகிறது, யாருக்கு இரையாகிறது என்ற கேள்விகள் எல்லாம் ஒரே தாளில். வீட்டை நிர்வகிக்கும் ஒருத்தி கேட்கக்கூடிய கேள்விகள் அவை.

1680களின் நடுவில் அவர் கணவரை விட்டு வெளியேறினார். தாயையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு, நெதர்லாந்தின் வடக்கே இருந்த ஒரு கிறித்தவச் சமூகத்தில் போய்ச் சேர்ந்தார். கணவர் தேடி வந்தார். மெரியன் திரும்பிப் போகவில்லை. பின்னர் ஆம்ஸ்டர்டாமில் மகள்களோடு குடியேறி, படம் வரைந்து விற்றுப் பிழைத்தார். அங்கே செல்வந்தர்களின் சேகரிப்புகளில் சூரினாம் என்ற தென்னமெரிக்கக் குடியேற்ற நாட்டிலிருந்து வந்த பூச்சிகளைப் பார்த்தார். எல்லாம் செத்தவை. அவை எதைத் தின்றன, எதிலிருந்து உருமாறின என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. 1699இல், 52 வயதில், தன் ஓவியங்களை விற்றுப் பணம் சேர்த்து, இளைய மகள் டோரதியாவோடு கப்பல் ஏறினார்.

*

சூரினாமில் அவர் இரண்டு ஆண்டு இருந்தார். நோய் வாட்டவே 1701இல் திரும்பினார். 1705இல் 60 படங்களோடு வந்தது 'சூரினாம் பூச்சிகளின் உருமாற்றம்'.

அதன் முதல் படம் எனக்கு மிகவும் பிடிக்கும். பூத்திருக்கும் ஓர் அன்னாசி, அதன் மேல் கரப்பான்கள். கரப்பான் துணியைக் கெடுக்கிறது, உணவைக் கெடுக்கிறது, குடிப்பதையும் கெடுக்கிறது என்று பக்கத்திலேயே எழுதுகிறார். எந்த அடுப்படியிலும் கேட்கக்கூடிய புலம்பல். ஆனாலும் அந்தக் கரப்பானைத்தான் நூலின் வாசலில் வைக்கிறார். எரிச்சலும் கவனமும் ஒரே பக்கத்தில் இருக்க முடியும் என்று நான் அங்கேதான் கற்றேன். பூச்சியோடு ஒத்துவாழப் பூச்சியைக் காதலித்தே ஆகவேண்டும் என்று யாரும் நம்மை மிரட்ட வேண்டியதில்லை. மெரியனும் அகிம்சாவாதி இல்லை. பூச்சிகளைக் கொன்று பதப்படுத்தினார், விற்றார். அதுதான் அவர் பிழைப்பு.

இன்னொரு படத்தில் ஒரு கொய்யாக் கிளை. அதில் எறும்புகளும் பெரிய சிலந்திகளும். ஒரு சிலந்தி ஓசனிச்சிட்டு ஒன்றைக் கூட்டிலிருந்து இழுத்து மல்லாத்தித் தின்றுகொண்டிருக்கிறது. எறும்புகள் கூட்டமாக வீட்டுக்குள் புகுந்து அறை அறையாகப் போய் எல்லாப் பூச்சிகளையும் காலிசெய்துவிட்டுப் போகும், அதுவரை மனிதர்கள் வெளியே நிற்கவேண்டியதுதான் என்று எழுதுகிறார். மனிதர் விலகி நிற்க எறும்பு வீட்டைச் சுத்தம் செய்கிற காட்சி அது.

அந்தச் சிலந்திக்காக மெரியன் செத்த பிறகும் கேலி வாங்கினார். சிலந்தியாவது பறவையைத் தின்பதாவது, கிழவி கட்டிய கதை என்றார்கள். லான்ஸ்டவுன் கில்டிங் என்ற பாதிரியார் அவர் நூலைக் கிழிகிழி என்று கிழித்து எழுதியது 1834இல் அச்சில் வந்தது. 1863இல் ஹென்றி பேட்ஸ் தன் அமேசான் பயண நூலில், சிறு பறவைகளைப் பிடித்த சிலந்தியைத் தன் கண்ணால் கண்டதாக எழுதினார். அதன் பிறகுதான் சிலந்திக்கும் மெரியனுக்கும் நியாயம் கிடைத்தது. மெரியனின் நூலில் பிழைகளே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் கண்ணால் கண்டதற்கு ஓர் ஆணின் கண் சாட்சி சொல்லவேண்டியிருந்தது, அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

*

நான் மெரியனிடம் வந்து சேர்ந்தது பூச்சி வழியாக இல்லை, ஒரு பூவின் வழியாக. மயில்கொன்றை. நம் ஊரில் பள்ளிக்கூட வேலியோரம், கோயில் நந்தவனத்தில், பஸ் ஸ்டாண்டு பூங்காவில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கிற அதே செடி. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து உலகம் சுற்றிய செடி.

மெரியனின் 45ஆம் படம் மயில்கொன்றை. வழக்கம்போல அதன் மேல் ஒரு புழு, ஒரு கூடு, ஓர் அந்துப்பூச்சி. வழக்கம்போல அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்ற குறிப்பும் உண்டு. டச்சு எஜமானர்களால் கொடுமைப்படுத்தப்படும் பூர்வகுடிப் பெண்கள், தங்கள் பிள்ளைகளும் தங்களைப் போல அடிமையாகிவிடக் கூடாது என்று, இதன் விதையைக் கொண்டு கருவைக் கலைக்கிறார்கள் என்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் நிலையையும் எழுதுகிறார். சிலர் தாங்க முடியாமல் உயிரை விடுகிறார்கள், சொந்த மண்ணில் விடுதலையோடு மறுபடி பிறப்போம் என்று நம்புகிறார்கள். இதை அவர்களே தன்னிடம் வாய்விட்டுச் சொன்னதாகவும் குறிப்பிடுகிறார்.

பூச்சி நூலில் இது எப்படி இடம்பிடித்தது? சூரினாமின் தோட்டமுதலாளிகள் கரும்பை மட்டும் பார்த்தார்கள். சர்க்கரையைத் தவிர வேறொன்றைத் தேடி அலைகிறாளே என்று தன்னைக் கேலி செய்ததாக மெரியனே எழுதியிருக்கிறார். கரும்பை மட்டும் பார்க்கிற கண்ணுக்குப் புழு தெரியாது. அடிமைப் பெண்ணும் வேலைசெய்யும் இரண்டு கைகளாக, பிள்ளை பெறும் ஒரு வயிறாகத்தான் தெரிவாள். ஒவ்வொரு உயிரையும் அது சார்ந்திருக்கும் மற்ற உயிர்களோடு சேர்த்தே வரைந்து பழகியவர் மெரியன். அந்தப் பழக்கம்தான் மயில்கொன்றையின் பக்கத்தில் அந்தப் பெண்களையும் கொண்டுவந்தது என்று நினைக்கிறேன்.

வரலாற்றாசிரியர் லோண்டா ஷீபிங்கர் 2004இல் வந்த தன் நூலில் ஒரு கேள்வி கேட்கிறார். மயில்கொன்றைச் செடி ஐரோப்பாவின் தோட்டங்களுக்கெல்லாம் போய்ச்சேர்ந்தது. அந்தப் பெண்கள் அறிந்திருந்த பயன்பாடு மட்டும் ஏன் ஐரோப்பிய மருத்துவத்துக்குள் போகவில்லை? அறிவு எப்படிப் பரவுகிறது என்பதைப் போலவே எப்படித் தடுக்கப்படுகிறது என்பதற்கும் வரலாறு உண்டு என்கிறார். பூ அழகுக்குப் போயிற்று. அதோடு சேர்ந்திருந்த பெண்களின் எதிர்ப்பு கரையிலேயே இறக்கிவிடப்பட்டது.

மெரியனையும் நான் விட்டுவிடப் போவதில்லை. காட்டுக்குள் வழி உண்டாக்க, கோடரியோடு தன் அடிமைகளை முன்னால் அனுப்பியதாக எழுதுகிறவரும் அவர்தான். பூச்சிகளைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள், எந்தப் புழு எந்த மரத்தில் இருக்கும் என்று சொன்னவர்கள் யார் பெயரும் நூலில் இல்லை. ஊர் திரும்பும்போது ஒரு பூர்வகுடிப் பெண்ணையும் ஆம்ஸ்டர்டாமுக்குக் கூட்டிவந்தார். அவள் பெயரையும் எழுதவில்லை. யூரோ வருவதற்கு முன் ஜெர்மனியின் 500 மார்க் நோட்டில் மெரியனின் முகம் இருந்தது. புழுவின் ஒவ்வொரு தோலுரிப்பையும் குறித்து வைத்தவர் பக்கத்தில் நின்ற பெண்ணின் பெயரைக் குறிக்க மறந்திருக்கிறார். நாம் பெருமைப்படும் முன்னோடியிடம் இருக்கும் இந்த இடைவெளியை வகுப்பில் மாணவிகளிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

*

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறேன். போன மழைக்கு அதில் ஆறு புழு வந்தது. அம்மா வழக்கம்போலக் குச்சி தேடினாள். நான் ஒரு புழுவைக் காம்போடு எடுத்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மெரியனைப் பற்றியும் சொன்னேன்.

"வேல வெட்டி இல்லாதவளா?" என்றாள்.

"ரெண்டு பிள்ள வச்சிருந்தாம்மா. சம்பாதிச்சும் போட்டா."

அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து பாட்டிலுக்கு இலை போடுவது அம்மாவின் வேலையாகிவிட்டது. புழு கூடு கட்டி, ஒரு காலையில் கறுப்புச் சிறகோடு வெளியே வந்து, ஈரம் உலரும்வரை துணியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. என் நினைவில் முதல்முறையாக, அம்மா எழுந்து ஓடவில்லை. நான் போய் அணைத்தேன்.

செடியில் மிச்சமிருந்த ஐந்து புழுவும் எல்லாக் கிளையையும் மொட்டையாக்கியிருந்தன. "தாளிக்க ரெண்டு கொத்தாவது விட்டுவைக்கச் சொல்லுடி அதுங்ககிட்ட" என்றாள். அன்று சாயங்காலமே நர்சரிக்குப் போய் இன்னொரு கறிவேப்பிலைச் செடி வாங்கிவந்தோம். ஒன்று குழம்புக்கு, ஒன்று புழுவுக்கு.

சமையலறைச் சுவரோரம் சாக்பீஸ் கோடு இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.