பரதேசிப் பள்ளியின் முகப்பறை

எங்க ஊரில் 'பரதேசி' என்றால் வசவு. கொச்சி மட்டாஞ்சேரியில் அது யூதர் ஜெபாலயம் ஒன்றின் பெருமைப் பெயர். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பள்ளி என்று பொருள். 1568இல் எழுந்த அந்தப் பள்ளி ராஜாவின் அரண்மனையை ஒட்டியே நிற்கிறது. போய்ப் பார்த்தேன்.

யூதரை வரவேற்ற கதை இதற்கும் முந்தியது. 1000ஆம் ஆண்டை ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகர் தலைவருக்குச் செப்பேடு கொடுத்தான். வட்டெழுத்தில் வெட்டியது. பகல் விளக்கு, பல்லக்கு, குடை, பறை, தோரணம் என்று 72 உரிமைகள். பிற்பாடு போர்த்துக்கீசியரால் துன்பப்பட்டபோதும் கொச்சி அரசு இடம் கொடுத்தது. ஐரோப்பா யூதரை விரட்டி விரட்டி அடித்த காலத்தில் இது சின்ன விஷயமில்லை. மெச்சத்தான் வேணும்.

நம்ம கேள்வி வேறு. வந்தவருக்குக் குடையும் பல்லக்கும் கொடுத்த அதே மண்ணில், புலையரை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விற்றார்கள், வாங்கினார்கள். கொச்சி ராஜ்யத்துச் சேந்தமங்கலத்தில் யூதப் பள்ளி உண்டு. அதே ஊரில் பாலியம் அரண்மனைச் சாலையில் அவர்ணர் நடப்பதற்கு 1947-48இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது.

இந்தச் சாதிப் புத்தி பள்ளிக்குள்ளும் நுழைந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்கள் பரதேசிப் பள்ளியின் பெஞ்சில் உட்காரக் கூடாது, முகப்பறையோடு சரி. வேதம் வாசிக்கக் கூப்பிட மாட்டார்கள். புதைக்கவும் தனி இடம். அவர்களில் ஒருவர்தான் ஏ. பி. சேலம் (1882–1967). வக்கீல், காங்கிரஸ்காரர், கொச்சிச் சட்டசபை உறுப்பினர். சத்தியாகிரகத்தைத் தொழுகைக் கூடத்துக்குள்ளேயே கொண்டுபோனார். வருஷக்கணக்கில் மல்லுக்கட்டித் தடைகளை ஒவ்வொன்றாக உடைத்தார். 'யூத காந்தி' என்பார்கள். அந்தப் பட்டம் எனக்கு ருசிக்கவில்லை. அவர் செய்த காரியம் ருசிக்கிறது.

முகப்பறையில் நின்றபோது எங்க ஊர் மாதா கோயில் ஞாபகம் வந்தது. அம்மா கடைசிவரை தனி வரிசையில்தான் முழங்காலிட்டாள். கல்லறையிலும் நடுவே சுவர். யேசு வந்தாலும் மோசே வந்தாலும் சாதி முன்னாடியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறது.

1950களில் பெரும்பாலான கொச்சி யூதர்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இன்று அங்கே விரல்விட்டு எண்ணலாம். பள்ளியைச் சுற்றுலாக்காரர்கள் பார்க்கிறார்கள். விளக்கையும் தரை ஓடுகளையும் மெச்சுகிறார்கள்.

'வந்தாரை வாழவைத்தோம்' என்று மேடையில் யாராவது மார்தட்டினால் தோழர்களே, சந்தோஷமாகக் கைதட்டுங்கள். தட்டிவிட்டு, முகப்பறையில் யாரை உட்கார வைத்தீர்கள் என்றும் கேளுங்கள்.