ஃபைவ் ஃபைண்ட்-அவுட்டர்ஸ்

ஃபைவ் ஃபைண்ட்-அவுட்டர்ஸ் என்பது ஆங்கிலச் சிறார் எழுத்தாளர் எனிட் பிளைட்டன் எழுதிய துப்பறியும் நாவல் வரிசை. 1943 முதல் 1961 வரை மொத்தம் 15 நாவல்கள் வெளிவந்தன. பீட்டர்ஸ்வுட் என்ற கற்பனைக் கிராமத்தில் விடுமுறை நாட்களில் ஒன்றுசேரும் ஐந்து பிள்ளைகள், ஒரு நாயின் துணையோடு, ஊரில் நடக்கும் குற்றங்களைத் துப்பறிகிறார்கள். பிளைட்டனின் மற்ற இரு புகழ்பெற்ற வரிசைகளான ஃபேமஸ் ஃபைவ், சீக்ரெட் செவன் ஆகியவற்றைவிடத் துப்பறியும் கதையின் இலக்கணத்துக்கு மிக நெருங்கி நிற்பது இதுவே. ஃபேமஸ் ஃபைவ் கதைகளில் தீவு, குகை, சுரங்கப்பாதை என்று சாகசம் முன்னால் ஓடும். இங்கே தடயம், சந்தேக நபர்களின் பட்டியல், யார் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற விசாரணை ஆகியவையே கதையை நகர்த்துகின்றன.

பின்னணி

எனிட் பிளைட்டன் 1897 ஆகஸ்ட் 11 அன்று லண்டனில் பிறந்தார். மழலையர் பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்றுச் சில ஆண்டுகள் பணியாற்றியபின் முழுநேர எழுத்தாளரானார். 1929 முதல் 1938 வரை பக்கிங்காம்ஷயர் மாவட்டத்தில் தேம்ஸ் ஆற்றங்கரையை ஒட்டிய போர்ன் எண்ட் என்ற ஊரில் ‘ஓல்ட் தாட்ச்’ என்ற கூரைவேய்ந்த பழைய வீட்டில் வசித்தார். பீட்டர்ஸ்வுட்டுக்கு அந்த ஊரே முன்மாதிரி என்பது வாசகர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. கதைகளில் அருகிலுள்ள மார்லோ, மெய்டன்ஹெட் ஆகிய உண்மையான ஊர்களின் பெயர்கள் அப்படியே வருவதும் இதற்கு வலுச்சேர்க்கிறது. 1938இல் அவர் பீக்கன்ஸ்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்தார். இந்த வரிசை அங்கிருந்தபோது எழுதப்பட்டது. 1968 நவம்பர் 28 அன்று அவர் காலமானார்.

சிறுவர்கள் துப்பறிவது பிளைட்டனுக்கு முன்பே இருந்த கதைவகை. ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1929இல் எழுதிய ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ பெர்லின் நகரத் தெருக்களில் நடப்பது. அகதா கிறிஸ்டி 1930இல் மிஸ் மார்ப்பிளை நாவலில் அறிமுகப்படுத்தி, அமைதியான ஆங்கிலக் கிராமத்தைப் பெரியவர்களுக்கான துப்பறியும் கதையின் நிலையான களமாக்கியிருந்தார். இந்த இரண்டு ஓடைகளும் பீட்டர்ஸ்வுட்டில் வந்து சேர்கின்றன.

கிராமம் என்ற களம்

இவ்வரிசையில் கிராமம் வெறும் பின்புலம் அல்ல, துப்பறிதலுக்கான கருவியும் அதுதான். ரொட்டிக்காரர் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவார், எந்த வீட்டுச் சமையற்காரி யாரோடு பகை, எந்தப் பேருந்தில் வழக்கமாக யார் ஏறுவார் என்பதெல்லாம் ஊரறிந்த விஷயம். வழக்கத்துக்கு மாறாக ஒன்று நடந்தால் உடனே பளிச்சென்று தெரியும். தோட்டக்காரரோடும் பணிப்பெண்ணோடும் பிள்ளைகள் நின்று பேசினால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

‘வன்மக் கடிதங்களின் மர்மம்’ (1946) இதற்கு நல்ல சான்று. ஊராருக்குப் பெயரில்லாத அவதூறுக் கடிதங்கள் வருகின்றன. அவற்றில் பக்கத்துச் சந்தை ஊரான ஷீப்சேலின் அஞ்சல் முத்திரை இருக்கிறது. அப்படியானால் பீட்டர்ஸ்வுட்டிலிருந்து அந்த ஊருக்குப் பேருந்தில் போகிறவர்களில் ஒருவர்தான் எழுதியிருக்க வேண்டும். பிள்ளைகள் திங்கட்கிழமைச் சந்தைப் பேருந்தில் தாங்களும் ஏறி, ஆளுக்கொரு பயணியின் அருகில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறார்கள். பெரியவர்களின் துப்பறியும் கதைகளில் பனியில் சிக்கிய மாளிகை எதற்குப் பயன்படுகிறதோ, அதே வேலையை இங்கே ஒரு நாட்டுப்புறப் பேருந்து செய்கிறது: சந்தேக நபர்களை ஒரு சிறு வட்டத்துக்குள் அடைத்துவிடுகிறது.

கதைமாந்தர்

லாரியும் டெய்சியும் அண்ணன் தங்கை. பிப்பும் பெட்ஸும் இன்னொரு வீட்டு அண்ணன் தங்கை. ஐந்தாமவன் ஃப்ரெடரிக் ஆல்ஜெர்னன் டிராட்வில். பெயரின் முதலெழுத்துகளும் உடல்வாகும் சேர்ந்து அவனுக்கு ‘ஃபேட்டி’ என்ற பட்டப்பெயரை வாங்கித் தருகின்றன. அவனுடைய கறுப்பு ஸ்காட்டிஷ் டெரியர் நாய் பஸ்டர். முதல் கதையில் தலைவன் லாரிதான். தற்பெருமை பேசும் ஃபேட்டியை மற்றவர்களுக்குப் பிடிப்பதில்லை. வைக்கோற்போரிலிருந்து விழுந்து உடம்பெல்லாம் கன்றிப்போனபின், காயங்களின் வடிவத்தையும் நிறத்தையும்கூடப் பெருமையாகக் காட்டித் திரிகிறவன் அவன். ஆனால் மாறுவேடம், குரல் மாற்றிப் பேசுதல், கூர்மையான ஊகம் ஆகியவற்றால் மூன்றாவது கதைக்குள் தலைமை அவன் கைக்கு வந்துவிடுகிறது.

வரிசையின் இதயம் பெட்ஸ். தொடக்கத்தில் அவளுக்கு எட்டு வயது. அண்ணன் பிப் அவளைச் சின்னப்பிள்ளை என்று ஓயாமல் மட்டம் தட்டுகிறான். ஆனாலும் பல கதைகளில் முடிச்சை அவிழ்க்கும் சிறு பொருளோ சொல்லோ முதலில் படுவது அவள் கண்ணில்தான்.

ஊர்க் காவலர் கூன், பிள்ளைகளைக் கண்டாலே ‘போங்க, போங்க’ என்று விரட்டுபவர். அவருடைய கணுக்காலைச் சுற்றிச் சுற்றிக் குரைப்பது பஸ்டரின் தீராத விளையாட்டு. மேலதிகாரியான ஆய்வாளர் ஜெங்க்ஸோ பிள்ளைகளின் திறமையை மதிப்பவர். கூனின் சகோதரர் மகன் எர்ன் ‘மறைந்த வீட்டின் மர்மம்’ (1948) நாவலில் அறிமுகமாகிறான். கவிதை எழுதும் ஆசையும் கூனிடம் பயமும் கொண்ட அவன், வரிசையிலேயே மிகுந்த பரிவோடு படைக்கப்பட்ட துணைப்பாத்திரம்.

கதைக் கட்டமைப்பு

மூத்த பிள்ளைகள் உறைவிடப் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வருகிறார்கள். ஊரில் ஏதோ நடக்கிறது. பள்ளி திறப்பதற்குள் விடை கண்டாக வேண்டும். சந்தேக நபர்களைக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள், ஒவ்வொருவராக விசாரித்துப் பெயரை அடித்துவிடுகிறார்கள். ஒரு கட்டத்தில் பட்டியலில் யாருமே மிஞ்சுவதில்லை. அப்போது ஏற்கெனவே கேட்ட ஏதோ ஒன்று புதிய பொருளோடு நினைவுக்கு வருகிறது.

முதல் நாவலான ‘எரிந்த குடிலின் மர்மம்’ இந்த அமைப்பை முழுமையாக நிறுவுகிறது. ஹிக் என்பவரின் எழுத்துக் குடில் ஓர் இரவில் தீப்பற்றி எரிகிறது. அவர் அன்று லண்டனில் இருந்ததாகச் சொல்கிறார். வேலையிலிருந்து நீக்கப்பட்ட பணியாள், பழைய ஏடுகளுக்காக அவரோடு சண்டையிட்ட அறிஞர், முட்டை திருட வந்த நாடோடி, கோபக்காரச் சமையற்காரி என்று நான்கு பேர்மீது சந்தேகம் விழுகிறது. பள்ளத்தில் நசுங்கிய செடிகள், முள்ளில் மாட்டிய சாம்பல்நிறத் துணித்துண்டு, காலடித் தடம் ஆகியவை கிடைக்கின்றன. ஆனால் விடை வேறொன்றில் இருக்கிறது. தீப்பிடித்த நாள் மாலையில் ஊரின்மேல் பறந்த விமானங்களைத் தான் பார்த்ததாக ஹிக் பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறார். லண்டனில் இருந்தவர் அவற்றை எப்படிப் பார்த்திருக்க முடியும்? காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் குடிலுக்குத் தானே தீவைத்து, ரயில் வழக்கமாகச் சற்று நின்று புறப்படும் இடத்தில் ஏறி, லண்டனிலிருந்து வருபவர்போல் வந்து இறங்கியவர் அவர்தான்.

அந்தப் பேச்சு நடக்கும் பக்கத்தில் வாசகரும் உடன் இருக்கிறார். பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரியும். தடயத்தை ஒளிக்காமல் கண்முன்னே வைத்துவிட்டுக் கவனத்தை மட்டும் வேறுபக்கம் திருப்பும் இந்த நேர்மைதான் வரிசையின் பெரும் சிறப்பு.

குறிப்பிடத்தக்க நாவல்கள்

‘காணாமல்போன பூனையின் மர்மம்’ (1944) நேரத்தை வைத்து ஆடும் கதை. பரிசு பெற்ற சயாமியப் பூனை ஒன்று திருட்டுப்போகிறது. தோட்டத்தில் வேலைசெய்யும் லூக் என்ற பையன் மட்டுமே அந்த நேரத்தில் கூண்டருகே இருந்தவன் என்பதால் பழி அவன்மேல் விழுகிறது. வாலில் வண்ணம் தீட்டிய வேறொரு பூனையைக் காலையிலேயே மாற்றிவைத்துவிட்டார் தோட்டக்காரர் டப்பிங் என்பது, டர்பன்டைன் வாசனையும் வண்ணம் தெறித்த கல்லும் கொண்டு வெளிப்படுகிறது.

‘ரகசிய அறையின் மர்மம்’ (1945) பிள்ளைகளுக்குச் செயல்முறைப் பாடம்போல் அமைந்தது. பூட்டிய அறைக் கதவின் அடியில் செய்தித்தாளை நுழைத்து, கம்பியால் வெளிப்பக்கச் சாவியைத் தள்ளி அதன்மேல் விழச்செய்து உள்ளே இழுப்பது, ஆரஞ்சுச் சாற்றால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தை எழுதி, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் வெளிக்கொணர்வது ஆகியவற்றை ஃபேட்டி கற்றுத் தருகிறான். பின்னர் திருடர்கள் அவனைப் பிடித்துவைத்து, நண்பர்களை வரவழைக்கக் கடிதம் எழுதச் சொல்கிறார்கள். அந்தத் தாளில் ஆரஞ்சு வாசம் வீசுவதைக் கவனித்து எல்லோரையும் காப்பவள் பெட்ஸ்.

‘தொலைந்த கழுத்துமாலையின் மர்மம்’ (1947) நகைச்சுவையில் தலைசிறந்தது. மெழுகுப்பொம்மைக் காட்சியரங்கில் ஃபேட்டி நெப்போலியனாக அசையாமல் நிற்க, அதே அரங்கில் கூனும் மெழுகுக் காவலராக இருக்கிறார்.

விமர்சனம்

பிளைட்டனின் எளிய சொல்வளத்தையும் மேல்நடுத்தர வர்க்கப் பார்வையையும் கல்வியாளர்களும் நூலகர்களும் நெடுங்காலம் குறைகூறினர். இவ்வரிசைமீதான குறைகளில் சில நியாயமானவை. ஒரு பிள்ளையை உடல்வாகைச் சொல்லி அழைப்பது இன்று உறுத்துகிறது. கூனை ஏய்க்கப் பொய்த்தடயங்களை விதைப்பது சில இடங்களில் கேலியைத் தாண்டிக் கொடுமையாகிறது. ‘மறைந்த இளவரசனின் மர்மம்’ (1951) நாவலில் பிள்ளைகள் கீழைநாட்டார்போல் உடுத்திப் பொருளற்ற மொழி பேசிக் காட்டுவதில் காலனிய மனப்பான்மை அப்பட்டமாகத் தெரிகிறது.

அதேவேளை, எளியவர்மீது பழி விழும்போது அதைத் துடைக்கப் பாடுபடுவதும் இக்கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. லூக்கை யாரும் நம்பாதபோது பிள்ளைகள் நம்புகிறார்கள். குற்றவாளிகளாக வெளிப்படுபவர்களில் ஹிக் போன்ற வசதிபடைத்தவர்களும் உண்டு.

வாசிப்பு

இந்தியாவில் ஆங்கிலவழிப் பள்ளி நூலகங்களிலும் வாடகை நூலகங்களிலும் பல தலைமுறைப் பிள்ளைகள் பிளைட்டனை விரும்பிப் படித்துள்ளனர். தமிழ்நாடும் அதில் அடக்கம். ஒவ்வொரு நாவலும் தனித்து நிற்பதால் எதிலிருந்தும் தொடங்கலாம். என்றாலும் முதல் நான்கையும் வெளிவந்த வரிசையிலேயே படிப்பது நல்லது. தற்பெருமைக்காரனான ஃபேட்டி நம்பத்தக்க தலைவனாவதும், சின்னப்பிள்ளை என்று ஒதுக்கப்பட்ட பெட்ஸ் குழுவுக்கு இன்றியமையாதவளாவதும் அந்த நான்கில்தான் நிகழ்கின்றன. துணிச்சலோ வலிமையோ இல்லாத பிள்ளைகூடக் கண்ணையும் காதையும் திறந்துவைத்திருந்தால் பெரியவர்கள் தவறவிட்டதைக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையை இவ்வரிசை ஊட்டுகிறது. சிறார் துப்பறியும் இலக்கியத்தில் இதற்கு நிலையான இடம் கிடைத்ததற்குக் காரணம் அதுவே.